லண்டன் வீடுகள்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நாகப்பட்டினம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மடியில், எங்கள் அச்சகத்துக்கு வந்த ஒரு புத்தகத்தின் திருத்தப் படிகள். இங்கிலாந்தில் வீடுகளை வாடகைக்கு விடும் பழைய கம்பெனி ஒன்றின் வரலாறு அது.

பக்கத்தில் காலி மீன்கூடையோடு இருக்கும் அம்மா, அதில் வரிசையாக நிற்கும் வீடுகளின் படத்தை எட்டிப் பார்க்கிறார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே தம்பி, சுனாமி வீடா?"

"இல்லம்மா, லண்டன். வாடகைக்கு ஆள் குடியிருக்குற வீடாப் பார்த்து இந்தக் கம்பெனி மலிவா வாங்கும். அவங்க செத்தப்புறம் நல்ல விலைக்கு விக்கும்."

படித்தபோது எனக்கே கசந்தது. அவர் முகம் மலர்கிறது.

"அப்ப சாவுற வரைக்கும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல முடியாதும்மா, சட்டம் அப்படி."

"சுனாமி வீடு, சொந்த வீடு போனவங்களுக்குத்தான்னுட்டாங்க. நாங்க அப்ப கிளிஞ்சமேட்டுக் கடலோரத்துல இருந்தோம், அங்கயும் வாடகைதான். இப்ப தலத்தெருவுல இருக்கோம். ஆடி பொறக்குறதுக்குள்ள அதையும் காலி பண்ணணுமாம்."

பஸ் வருகிறது. ஏறி உட்கார்கிறேன். ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறார்.

"அந்தக் கம்பெனிய எங்க ஓனரு வீட்ட வாங்கிக்கச் சொல்லுங்க தம்பி. ஆள எங்கயும் தேட வேணாம், உள்ள நாங்க இருக்கோம்."