ஜெயசித்ரா பார்க்காத வெளிச்சம்

சீசன் தொடங்கிக் குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் வந்துவிட்டால் ஊரே சந்தோஷப்படும். ஜெயசித்ராவுக்கு மட்டும் லடாக் ஞாபகம் வந்துவிடும். மழை மறந்துபோன அந்த வானத்தின் கீழ் ஏழு வருஷம் வேலை பார்த்தவள்.

அங்கே மலைமேல் ஒரு தொலைநோக்கி. குவேசார்களின் காமா கதிர்களைக் கவனிப்பதற்காக வைத்தது. வெகுதூரத்து விண்மீன் திரளின் நடுவே ஒரு கருந்துளை சுற்றியிருப்பதையெல்லாம் விழுங்கும்போது எழும் பேரொளிதான் குவேசார். அதன் காமா கதிர் தரைக்கு வந்து சேராது. மேலே காற்றில் மோதி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நீலமாக மின்னி மறையும். அந்த மினுக்கைக் கண்ணாடிகள் பிடிக்கும். நிலவில்லாத இரவுகளில் தொலைநோக்கியை இயக்குவது இவள் பொறுப்பு.

ஒருமுறை அப்பா முத்துராமலிங்கம், ரிட்டயர்டு ஏட்டு, பார்க்க வந்திருந்தார். தான் விடாமல் கவனித்துவரும் ஒரு குவேசாரிலிருந்து மாதக்கணக்காக ஒன்றும் சிக்கவில்லை என்று இவள் புலம்பினாள்.

"அது எப்பக் கெளம்புன வெளிச்சம்ட்டீ?"

"ஐந்நூறு கோடி வருஷம் இருக்கும்ப்பா. அப்பப் பூமியே கெடையாது."

"பெறவு இன்னைக்கு வரலன்னு ஏன் வருத்தப்படுத?"

அடுத்த வருஷம் அந்தக் குவேசார் பிரகாசமாகி வருவதாகச் சாட்டிலைட் தகவல் வந்தது. அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. காத்திருக்கும்போதே ஊரிலிருந்து போன்: அம்மா பிச்சம்மாளுக்குப் பக்கவாதம். கிளம்பி வந்துவிட்டாள்.

தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலை, கூட வேலை பார்த்த ஆலங்குளத்துப் பிரின்ஸ் கூப்பிட்டான். "அக்கா, வந்துட்டு! மேகம் வெலகவும் ஸ்கிரீன்ல மழை மாதிரி கொட்டிட்டு!"

சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அப்பா பதறி ஓடிவந்தார்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லப்பா. என் குவேசார் வந்துட்டு. நான் அங்கன இல்ல."

அவர் அவளைக் கட்டிலருகே கூட்டிப்போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். கோணிப்போன வாயால் அம்மா குழறினாள்: "நல்லா... இருந்துச்சா?"

பிரின்ஸ் சொன்னதையெல்லாம் தானே பார்த்தமாதிரி சொன்னாள் ஜெயசித்ரா. அம்மா கண்ணை மூடாமல் கேட்டாள்.

அம்மா எழுந்து நடக்க ஒரு வருஷமானது. லடாக் வேலை போய்விட்டது. இப்போது பக்கத்துக் கல்லூரியில் லேப் பார்க்கிறாள். போன நவம்பரில் அம்மாவே, "ஒருக்கா போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தாள். போனாள். குவேசார் எப்போதோ அடங்கியிருந்தது. பிரின்ஸுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றும் வராத திரையை விடியவிடியப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்ததாம்.