எதிராளிக்கு இடம் விட்ட பாட்சா

ஆசிரியர் அறைக்கு டீ வந்த நேரத்தில் கூனிமேட்டிலிருந்து போன் வந்தது. பாட்சாவின் தம்பி பேசினார். "அண்ணன் மௌத்தாயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அடக்கம்." இந்தக் கல்லூரியில் நான் அதிகம் சண்டை போட்டது பாட்சாவிடம்தான். அன்று அதிகம் அழுததும் நான்தான்.

பழகியவர்களுக்கு எங்கள் கதை தெரியும். இருவரும் பொருளாதார விரிவுரையாளர்கள். மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் சங்கக் கூட்டங்களில் மேடையேறுகிறவர் அவர். என் குடும்பத்துக்கு அங்கே உப்பளம் இருக்கிறது; என்னை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். முதல் வகுப்பிலேயே, "நான் கூலிக்காரன் பக்கம். அத மனசுல வச்சிக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க" என்று மாணவர்களிடம் அறிவித்துவிடுவார். கூலி பற்றிய பாடம் வரும் நாட்களில் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு. "போய் முதலாளி சார கூட்டிட்டு வா" என்று ஆள் அனுப்புவார். நான் போய் அவர் சொன்னதையெல்லாம் மறுத்துப் பேசுவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் கூலி உயர்வு கேட்டு உப்பளங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பாட்சா வகுப்பில் கட்சி வளர்க்கிறார், வேலையை விட்டு நீக்குங்கள் என்று உப்பள உரிமையாளர்கள் கல்லூரிச் செயலாளரிடம் போய் நின்றார்கள். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். "நீ உள்ளேயே இருக்க. ஒரு வார்த்த சொன்னா போதும், ஆளு காலி" என்றார் என்னிடம். விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பாட்சா மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். மறுக்கிற மனுஷனா அவர்?

"ஆமாங்க, அரசியல் பேசுறேன். எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் பேசுறேன். சொல்லாம பேசுறவங்கள யாரு விசாரிக்கிறது?"

செயலாளர் என்னைப் பார்த்தார். பாட்சா அரசியல் பேசுவதும் உண்மை, மறுத்துப் பேச என்னைக் கூப்பிடுவதும் உண்மை என்று சொன்னேன். அவர் வேலை தப்பியது. ஆனால் கூலி பற்றிய பாடத்தை அவரிடமிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள். அவர் அந்த வகுப்புக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அண்ணன் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பாட்சாவிடம், "அந்தப் பாடத்த நான் எடுக்க மாட்டேன்னு சொல்லிடவா?" என்றேன்.

"ஏம்பா, பசங்க என்ன பாவம் பண்ணாங்க? நீயே எடு. கடைசியில என் பக்கத்தயும் பேசு. ஆனா ஒப்புக்குப் பேசாத. நான் பேசுனா எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசு."

பேசினேன். உப்புநீரில் நின்று வெடித்த பாதங்களைப் பற்றியும், மழைக்காலத்தில் வேலையில்லாமல் அடுப்பெரியாத வீடுகளைப் பற்றியும், எங்கள் உப்பளத்து ஆட்களையே மனதில் வைத்துப் பேசினேன். மாணவர்கள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "நல்லாத்தான் பேசினியாம். சங்கத்துல சேத்துடலாமா?" என்று கிண்டல் செய்தார். சிரித்தாலும் வகுப்பு போன வருத்தம் அவருக்குத் தீரவில்லை. அது கடைசிவரை அவர் கைக்குத் திரும்பவும் இல்லை.

அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய வாதம்தான். இன்றுவரை அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்சா, நீ சொன்னது தப்பு என்று ஒருநாள் உன்னையே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இனி அதற்கு நீ இல்லை. அந்த வகுப்பில் உனக்காகப் பேச, என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை.