கழுவிய கண்ணாடி

அய்யாக்கண்ணு அண்ணன் போன தை மாதம் காலமானார். புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்து அவர் படம் எடுத்தார். பக்கத்துக் கடையில் நான் படங்களுக்குச் சட்டம் போட்டேன். அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. எடுத்த படத்தின் உருவம் பதிந்த, பிரதி போட உதவும் கண்ணாடிப் பிளேட் ஒன்றைக்கூடத் தூர எறியமாட்டார். ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு, உறைமேல் பெயர், ஊர், தேதி, அதோடு ஆளைப் பற்றி ஒரு வரியும் எழுதி அடுக்கிவைப்பார். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ, கல்யாண ஜோடி, தாலுகா கச்சேரி குமாஸ்தாக்கள் என்று இருபது வருஷத்து ஊரே அவர் அலமாரியில் இருந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். "இதுங்கதான் நம்ம குடும்பம்" என்பார். நான் சிரிப்பேன்.

யுத்தம் வந்தது. கண்ணாடி வருவது நின்றுபோனது. கண்ணாடி இல்லாத சட்டத்தை யார் வாங்குவார்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கண் அவர் அலமாரிமேல் விழுந்தது. பிளேட்டைச் சலவைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் உருவம் உரிந்து வெறும் கண்ணாடியாகிவிடும்.

"பழைய மூஞ்சிகளை வச்சுக்கிட்டு என்னண்ணே பண்ணப்போறீங்க?" என்று ஆறு மாதம் அவரை அரித்தெடுத்தேன்.

"யாராச்சும் கேட்டு வருவாங்க, ரத்தினவேலு."

"இதுவரைக்கும் எத்தனை பேரு வந்தாங்க, சொல்லுங்க."

நாற்பத்து மூன்று ஐப்பசியில், என் வீட்டில் அடுப்பு எரியாத ஒரு நாள், "எடுத்துக்க" என்றார். கொல்லையில் அண்டா வைத்து இரண்டு பேரும் கழுவினோம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார். உறைகளை மட்டும் தரமாட்டேன் என்று பழையபடி அடுக்கிவைத்தார். வெற்று உறை எதற்கு என்று அதற்கும் கேலி செய்தேன். என் வாய் அப்படி.

நாற்பத்தாறு சித்திரையில், குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து இருளாயி என்ற அம்மாள் வந்தாள். கீரனூர் வரை நடை, அப்புறம் பஸ். மகன் கண்ணுசாமி பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதத்தை, மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்ததை, அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாய்விட்டுப் படித்தார்: 'புதுக்கோட்டை ஸ்டூடியோவில் என்னைப் படம் எடுத்த பிளேட் இருக்கிறது. போய் ஒரு படம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்.' தேதி நாற்பத்தொன்று.

"அப்பவே வந்திருக்கலாமே, ஆத்தா" என்றார்.

"ஆளே வரப்போறான், படம் எதுக்குன்னு இருந்துட்டேன்யா. பர்மாவுல போயிட்டான்னு தபால் வந்து ரெண்டு வருசமாச்சு. இப்ப மொகம் மறந்து மறந்து போகுது. ஒருதரம் பாத்துட்டாப் போதும்."

அண்ணன் உறையைத் தேடி எடுத்துவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. நான் வாசலில்தான் நின்றேன். இவன் பேச்சைக் கேட்டுக் கழுவினேன் என்று அவர் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"நாந்தான் கழுவிட்டேன், ஆத்தா. கண்ணாடித் தட்டுப்பாட்டுல கழுவிட்டேன்."

அவள் திட்டவில்லை. உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல என்னமோ எழுதியிருக்கே?"

அண்ணன் படித்தார்: "கண்ணுசாமி. பட்டாளத்துக்குப் போகிறவன். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பிளேட்டில் பென்சில் போட்டு மறைக்க வேண்டாம், ஆத்தாவுக்கு அடையாளம் என்கிறான்."

"கருதறுக்கயில ஓடி வந்தான். எங் கை அருவாதான்யா பட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனும் அழுதார். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து என்னிடம் வந்தாள். "சட்டம் போடுறவுக நீங்கதானே? இந்த ஒறைக்கு ஒண்ணு போட்டுத் தாங்க. படிச்சவுக யாராச்சும் வந்தா, படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன்."

தேக்கில் சட்டம் போட்டேன். கழுவியதில் கடைசியாக ஒரு கண்ணாடி மிச்சமிருந்தது. அதையே மேலே பொருத்தினேன். யார் முகம் இருந்த கண்ணாடியோ, அதைச் சொல்ல இனி யாராலும் முடியாது.

காசு வேண்டாம் என்றேன். அவள் என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பே சாமி" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சட்டத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்து, பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொன்னேன்.