ரத்னபாய்க்குக் கிடைத்த தொண்ணூறு நாள்

குன்னத்துகால் ரத்னபாய் கொழும்பில் நர்ஸ் படிப்பை முடித்தபோது வகுப்பிலேயே அவள்தான் முதல். படித்த ஆஸ்பத்திரியே வேலை தருவதாகச் சொன்னது. ஆனால் சிலோனில் அப்போது இந்தியர்களுக்குச் சட்டம் இறுகியிருந்தது. படிக்கத் தந்த அனுமதி படிப்போடு தீர்ந்தது. வேலை பார்க்க வேறு அனுமதி வேண்டும். அதற்குத் தொண்ணூறு நாள் தவணை. சொந்த ஊர் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி. இரண்டு தடவை எழுதியும் பதில் வராததால், நேரில் வாங்கிவரக் கப்பலேறினாள்.

அது 1954 ஆகஸ்ட். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“அண்ணன் பனச்சமூட்டுல சித்தி வீட்டுல கிடக்கான். தலையில லத்தியடி. யாருகிட்டயும் மூச்சு விடாத மக்கா.”

அண்ணன் சுந்தரதாஸ் ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன். கல் உடைத்து அவளைக் கொழும்புக்கு அனுப்பியவனும் அவன்தான். அன்றே போய் அவன் காயத்தைக் கழுவிக் கட்டினாள்.

ஸ்டேஷனில் ஏட்டு அவள் மனுவைப் படிக்கக்கூட இல்லை.

“உனக்க அண்ணன் எங்க உண்டுன்னு சொல்லு. இப்பமே சான்றுல ஒப்பு வாங்கித் தாறேன்.”

“எனக்குத் தெரியாது ஏமானே. நான் சிலோன்லயாக்கும் இருந்தேன்.”

“அப்பம் சிலோனை மறந்துட்டுப் போ.”

அவள் தினமும் போய் நின்றாள். வாரங்கள் கழிந்தன. ஒருநாள் பனச்சமூடு என்ற பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் கொலையா செய்தான், பிடித்தாலும் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது உள்ளே அடிபட்டு எவனோ அலறினான். வாயை மூடிக்கொண்டு திரும்பினாள்.

அம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை; ஏட்டு கேட்டதைப் போய் மகனிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை சுந்தரதாஸ் தலைக்கட்டோடு வீட்டு வாசலில் நின்றான்.

“நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீ கப்பலுக்குப் போற வழியப் பாரு மக்கா.”

“நான் உன்னக் கேட்டனா அண்ணே?” என்று அவள் கத்தினாள். அவன் நடந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் சான்று கைக்கு வந்தது. தவணை முடிய ஆறு நாள் இருந்தது. ரயில் பிடித்து இரண்டாம் நாள் மண்டபம் சேர்ந்தாள். சிலோன் போகிறவர்களை அங்கே முகாமில் வைத்து, நோயில்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலுக்கு விடுவார்கள். ஐந்து நாள் அடைத்து வைத்தார்கள். ஆறாம் நாள் குமாஸ்தா அவள் காகிதத்தில் தேதியைப் பார்த்தார்.

“நேத்தோட முடிஞ்சு போச்சேம்மா.”

“நேத்து இங்கதானே ஐயா என்னப் பூட்டி வச்சிருந்திய?”

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

சுந்தரதாஸ் ஐந்து மாதம் கழித்து வெளியே வந்தான். இருமினால் ரத்தம் வந்தது. அவள் திரும்பி வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். கொழும்பு நர்ஸ் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். பகலில் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் கூலிக்குப் போனாள், மற்ற நேரமெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டாள்.

1956 நவம்பரில் மொழிவாரியாக மாநில எல்லை பிரித்தார்கள்.

“நம்ம ஊரு எந்தப் பக்கம்?” என்று படுக்கையிலிருந்து கேட்டான்.

“கேரளம்தான் அண்ணே.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தை பிறக்கும் முன் செத்துப்போனான்.

அதன் பிறகு சுற்று ஊர்களில் முப்பது வருடம் ரத்னபாய் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தாள். யாராவது சிலோனைப் பற்றிக் கேட்டால், “அங்க மழை கூடுதலாக்கும்” என்பாள்.