ஆற்றின் வாயைத் திறந்த அத்தை

அத்தை ஆற்றின் வாயைத் திறந்த அன்றைக்குக் குப்பமே குதித்தது. நான் மட்டும் அழுதேன். எழுபதுகளில் நடந்தது. மேலே எங்கெங்கோ அணை கட்டிப் பாலாற்றை மறித்துவிட்டார்கள். வெள்ளம் வராததால், ஆறு கடலில் சேரும் இடத்தை அலை மணல் கொண்டுவந்து மூடிவிட்டது. இறாலும் மடவை மீனும் உப்பங்கழிக்குள் வரவில்லை. தை பிறந்தால் காசிமேட்டுக்கே போய்விடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸ்! அங்கே பஸ்ஸுக்கு மாடி உண்டாமே!

அத்தைதான் கெடுத்தாள். கூடை சுமந்து மீன் விற்கிறவள். அவள் போடும் சத்தத்தில் மாமல்லபுரத்துச் சந்தையே அடங்கும். "பொறந்த ஊர வுட்டு நான் எங்கியும் வரமாட்டேன்" என்று பெண்களைத் திரட்டிப் போய் மணலை வெட்டினாள். வெட்டியதைக் கடல் மறுநாளே மூடியது. உள்ளிருந்து தள்ள ஆற்றில் தண்ணீர் இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

விடுகிற ஆளா அவள்? என்னையும் இழுத்துக்கொண்டு, மேற்கே தான் மீன் விற்கும் ஊருக்கு நடந்தாள். அந்த ஊர் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஊர்ப் பெரியவர் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, கடல்ல ஊத்தவா ஏரித் தண்ணி கேக்குற?"

"ஆமா அண்ணாத்த. ஒரு தபா தள்ளிவுட்டா வாய் தொறந்துக்கும். மேல அணை கட்டினவன் உன்னயும் கேக்கல, என்னயும் கேக்கல. நாமளாவது ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கலாமே."

அவர் ஏரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மதகைத் திறக்கச் சொன்னார். படுபாவி, கொடுத்துவிட்டாரே என்று மனசுக்குள் திட்டினேன்.

ஏரித் தண்ணீர் ஆற்றில் இறங்கி வந்து கழி நிறைந்ததும், கடல் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் மறுபடி வெட்டினார்கள். அம்மாடி, என்ன வேகம்! தண்ணீர் மணலைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. கரை இடிந்து விழ விழ வாய் அகன்றது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் கூத்தாடினார். மெட்ராஸ் போச்சே என்று நான் ஓவென்று அழுதேன்.

பெரியவரும் ஊர்க்காரர்களும் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் யாரும் குதிக்கவில்லை. கடலில் கலக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் பணியாத என் அத்தை அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். காரியம்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கும்பிடு என்று எனக்கு விளங்கவில்லை.

மாசியில், கூடை கொள்ளாத மீனோடு அத்தை அந்த ஊருக்குப் போனபோது நானும் போனேன். வயலெல்லாம் நடவில்லாமல் வெடித்துக் கிடந்தது. அத்தை வீடு வீடாக மீனை வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்தாள். மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அத்தே, காசு! காசு வாங்கலியே!" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன்.