இரண்டு தலைகள் சொன்ன யெஸ்

உக்குவளையில் என் வீட்டிலேயே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் படிக்க வந்த ராசம்மா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. லண்டனில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக! மூன்று மாதம் நான் விமான நிலைய அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்டேன். டக்கு டக்கென்று பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி வாரம், நிஜ வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பார்க்கட்டும் என்று ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மாத்தளை ரயில் பெரும் இரைச்சலோடு வந்து நின்றது. முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து, ரயிலைக் கையால் காட்டி, அது மாத்தளைக்குப் போகுமா என்று கத்திக் கேட்டாள்.

"யெஸ், யெஸ்!" என்றார் அக்கா. அவள் முகம் வாடிவிட்டது. நான் பதறிப்போய் முன்னால் நின்று "யெஸ்!" என்று கத்தினேன். அவள் பையையே இறக்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. நின்ற பிறகும் அடங்காத இன்ஜின் இரைச்சலில் எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. இடமும் வலமும் ஆடிய இரண்டு தலைகளைத்தான் பார்த்திருக்கிறாள். நமக்கு அது ஆமாம், அவளுக்கு இல்லை!

விசில் ஊதியது. அக்கா பையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு, அவளையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ரயில் நகர்ந்தது.

"ஐயோ டீச்சர், மகளைப் பாக்க வந்தீங்களான்னு லண்டன்ல கேட்டிருந்தா, இல்லைன்னுல்ல சொல்லியிருப்பேன்!"

மூன்று மாதமாக அவர் எதிரே உட்கார்ந்து அதே மாதிரி தலையாட்டியவள் நான்தான்.

"நாளைக்கும் வகுப்பு இருக்குங்களா டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் தலை முந்திக்கொண்டது, இடமும் வலமுமாக.