தேடலை நிறுத்தி வைத்த நாள்

குத்தாலத்தில் நான் கணினி மையம் வைத்திருந்தபோது, டெல்டா விவசாயிகளுக்காக ஓர் இணைய மன்றம் தொடங்கினேன். சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அதிராம்பட்டினத்துக்காரர். மஸ்கட்டில் வேலை. பல வருஷம் சேர்ந்து நடத்தினோம், ஆனால் நேரில் சந்தித்தது ஒரே ஒரு தடவை, அவர் விடுமுறையில் வந்திருந்தபோது.

எங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வரும். மன்றத்தின் தேடல் பெட்டி.

சம்பா பயிரில் புகையான் பூச்சி விழுந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து அந்தச் சொல்லைத் தேடுவார்கள். ஒவ்வொரு தேடலுக்கும் சர்வர் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து புரட்டிப் பார்க்கும். எங்களுடையது சின்ன சர்வர். கொஞ்ச நேரத்தில் திணறி நின்றுவிடும். பிறகு தேடுகிறவருக்கும் பதில் இல்லை, சும்மா படிக்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது.

வரப்பில் நின்றுகொண்டு சேற்றுக் கையோடு போனைத் தட்டுகிறவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, கதவ மொத்தமா திறந்து வச்சா வீடே சாஞ்சிடும்ங்க. கொஞ்சம் ஒருக்களிச்சு வச்சுக்குவோம்" என்றார்.

அப்படியே செய்தார். உறுப்பினர்கள் மட்டும் தேடலாம். ஒரு முறை தேடினால் அரை நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது. ஒருவர் பெயரைப் போட்டு அவர் எழுதியதைத் தேடினால் அண்மைப் பதிவுகள் மட்டும் வரும், பழையவை வராது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குத் தனிப் பக்கங்களும் போட்டுக் கொடுத்தார். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு மன்றம் விழவில்லை.

போன வருஷம், நடவு முடிந்த சமயம், அவருடைய அறைத்தோழர் கூப்பிட்டுச் சொன்னார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மனைவி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் மன்றத்தில் நாலு வரி எழுதிவிட்டு, மேலே எழுத முடியாமல் மையத்தை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சில மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். அதற்கு முன் நான் அவரிடம் பேசியதில்லை. வயக்காட்டு ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று கணவர் அடிக்கடி சொல்வாராம். அப்படி என்ன பேசினார் என்று படிக்க வேண்டும் போல இருக்கிறது என்றார். உறுப்பினராகச் சேர்ந்து தேடிப் பார்த்தாராம். கடைசியாக எழுதியவை மட்டும்தான் வருகின்றன, எல்லாமே சர்வர் பற்றிய அறிவிப்புகள்.

அந்தக் கட்டுப்பாட்டை அவர் கணவரேதான் போட்டார் என்று எப்படிச் சொல்வது? பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். சர்வர் அப்படியே நின்றுவிட்டது. அவர் அவ்வளவு எழுதியிருந்தார். மற்றவர்களும் தேடிக்கொண்டிருக்கும்போது அது தாங்காது. கேட்டுச் சரிசெய்ய அவரும் இல்லை. யோசித்துவிட்டு மன்றத்தில் ஓர் அறிவிப்புப் போட்டேன்: நம் நண்பர் எழுதியதை அவர் வீட்டார் படிக்கப்போகிறார்கள், நாளை ஒரு நாள் மற்றவர்களுக்குத் தேடல் இருக்காது.

யாரும் கோபப்படவில்லை. மறுநாள் திருவையாறு பக்கத்துக்காரர் ஒருவர் பழுத்த இலையைப் படமெடுத்துப் போட்டு என்ன செய்வது என்று கேட்டார். வழக்கமாகத் தேடிப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். அன்றைக்கு ஐந்தாறு பேர் உட்கார்ந்து விளக்கமாக எழுதினார்கள்.

அந்த அம்மா காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தது எனக்குத் திரையில் தெரிந்தது. நான் அந்தப் பக்கமே போகாமல் வேறு வேலை பார்த்தேன். சாயங்காலம் கூப்பிட்டார். மெதுவாகச் சொன்னார்.

"யாரோ ஒருத்தர் வயல்ல மழை பேயிறத வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க அண்ணே. அத தினமும் கேட்டுட்டுத்தான் தூங்குறேன்னு இவங்க எழுதியிருக்காங்க. அங்க வெயில் தாங்கலைன்னும், ஊருக்கே வந்துடலாமான்னும் எழுதியிருக்காங்க. எங்கிட்ட போன்ல நல்லா இருக்கேன், சாப்டேன், அவ்வளவுதாங்க சொல்வாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களா?" என்றார்.

உங்களுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் என்றேன். எனக்கே அது போதுமான பதிலாகப் படவில்லை. அவர் சரிங்க என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பழைய கட்டுப்பாடுகளோடு தேடலைத் திரும்பக் கொண்டுவந்தேன். நண்பர் எழுதியவற்றை எல்லாம், தேட வேண்டிய அவசியமே இல்லாதபடி, வருஷவாரியாகத் தனிப் பக்கங்களாக எடுத்து வைத்து அந்த அம்மாவுக்கு இணைப்பு அனுப்பினேன். இன்னும் திறக்கவில்லை, திறக்கத் தைரியம் வரவில்லை என்று பதில் வந்தது. ஆனால் அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.